தொண்டுக்கும் பயிற்சி வேண்டும்!
மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் வரலாறு

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மனநோயாளியை மதுரைக்கு அழைத்து வரும் குடும்பத்தாருக்கு மருந்துச் சீட்டு மட்டும் போதுவதில்லை. ஒரேவிதத் துயரமுள்ள பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து, மனம்விட்டுப் பேசச் செய்வதும் சிகிச்சைதான். 1905ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராட் என்னும் டாக்டர் காசநோயாளிகளைக் கூட்டி இப்படிப் பேசச் செய்தார்.

அந்த வட்டத்தை நடத்துகிறவருக்கு நல்ல மனம் மட்டும் போதுமா? போதாது. பயிற்சியும் வேண்டும். அத்தகைய பயிற்சிக்குத் தமிழகத்தில் கால்கோள் செய்தவர்களுள் முதன்மையானவர் மேரி அம்மையார்.

1909ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் பார்ஸி குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே நோகி கிளப்வாலா என்பவரை மணந்தார். 1930இல் ஒரு மகன் பிறந்தான். 1935இல் கணவர் காலமானார். கையில் சிறு குழந்தை, வாழ்வெல்லாம் இருள்! ஆயினும் அம்மையார் மூலையில் முடங்கவில்லை. சென்னையில் 'கில்டு ஆப் சர்வீஸ்' என்னும் சேவைச் சங்கத்தில் சேர்ந்து, ஆதரவற்ற குழந்தைகளுக்காகவும் பெண்களுக்காகவும் உழைத்தார். உலகப் போர் மூண்டபோது, 1942இல், பெண்களைத் திரட்டிக் குழு அமைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்த போர்வீரர்களுக்கு ஆறுதல் அளித்தார்.

1952இல் அவர் முயற்சியால் சென்னை சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. தொண்டு செய்யப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். துயரப்படுகிறவரிடம் பதறிப்போய் புத்திமதி சொல்வது எளிது. வாய்மூடிக் கேட்பதுதான் கடினம். ஓயாமல் பேசுகிறவரை நோகாமல் நிறுத்த வேண்டும். பேசாதவரைப் பேசவைக்க வேண்டும். கேட்ட ரகசியம் வெளியே போகக்கூடாது. சமூகப்பணி பயிலும் பட்டதாரி நேரில் சென்று பழகி, நடந்ததை எழுதி வந்து ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்கிறார். தனிமனிதரோடு பணி, குழுவோடு பணி, சமூகத்தோடு பணி என மூன்றும் அதில் பாடங்கள்.

1956இல் அம்மையார் சென்னை நகர ஷெரீப் ஆனார். பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் மூன்றும் அவரைத் தேடி வந்தன. 1975இல் மறைந்தார்.

இன்று மதுரையிலேயே அழகர்கோவில் சாலையில் சமூக அறிவியல் கல்லூரி இருக்கிறது. அங்கே பட்டதாரிகள் சமூகப்பணி பயில்கிறார்கள். அழுகிறவரின் அருகில் அமர்வதும் ஒரு கலை, கற்றுத்தான் வரவேண்டும். அம்மையார் விட்டுச் சென்ற பாடம் இதுவே.