தோல் வணிகத்தில் பொருளீட்டி அறிவை வளர்த்தவர்: ஜமால் முஹம்மது சாஹிப்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம், கடலூர் முதுநகர் என்று நமது பகுதியில் எந்த மதரஸா வாசலுக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். குர்பானி ஆடுகளின் தோல்கள் உப்பு தடவி அடுக்கப்பட்டிருக்கும். நாம் ஓதிய காலத்தில் அந்த அடுக்கு உயர உயர நமது உஸ்தாதின் முகம் மலரும். வியாபாரி வந்து எண்ணி எடுத்துச் செல்வார். அந்தப் பணம் ஏழை மாணவர்களின் பல வாரச் சாப்பாட்டுக்கு ஆகும். இன்று தோலுக்கு விலை இல்லை. சில ஊர்களில் எடுக்க ஆள் வராமல் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு இதே நாட்களில் ஒரு தாய் தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். பையன் சிதம்பரத்தில் பட்டப்படிப்பை முடித்தவன். தோல் கோட்டுகளை வடிவமைத்துத் தைத்து விற்கும் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அவன் ஆசை. சென்னையில் ஒரு பட்டறையில் சேர இடமும் பார்த்துவிட்டான். தாய்க்குச் சம்மதமில்லை. படித்த பிள்ளை துபாய்க்குப் போய் ஏசி அறையில் உட்காராமல் தோல் நாற்றத்தில் நிற்பதா, நாளைக்குப் பெண் கொடுப்பார்களா என்பது அவர் கவலை. ஹஜ்ரத் ஒரு வார்த்தை புத்தி சொல்லட்டும் என்றுதான் வந்திருந்தார். புத்தி சொல்வதற்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையை நாம் அவருக்குச் சொன்னோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது. நமது கடலூர் மாவட்டத்திலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் அங்கே படித்து வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், எதை விற்றுச் சம்பாதித்தார் என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. அவர் விற்றது தோல்.

தோல் வணிகம் வளர்ந்த விதம்

அவருடைய காலத்தைப் புரிந்துகொள்ள அந்த வணிகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கடலூருக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியிலிருந்தே அந்தக் கதையைத் தொடங்கலாம். 1840களில் சார்லஸ் டி சூசா என்பவர் அங்கே நமது நாட்டுப் பதனிடும் முறையைச் செம்மைப்படுத்தினார் என்று தொழில் வரலாறு சொல்கிறது. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து ரோமத்தை நீக்குவார்கள். ஆவாரம் பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். கடுக்காய்ச் சாற்றில் நிறத்தை வெளுக்கச் செய்து, எண்ணெய் தடவிக் காயவைப்பார்கள். இப்படித் தயாரான தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போகும். ஈஸ்ட் இந்தியா தோல் என்று அதற்கு அங்கே பெயர்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களில் டேனரிகள் பெருகின. அவை அனைத்துக்கும் சந்தையாகச் சென்னை பெரியமேடு விளங்கியது. சாதி பார்த்துத் தோலைத் தொடத் தயங்கியவர்கள் ஒதுங்கி நின்ற இடத்தில் முஸ்லிம்கள் தயங்காமல் இறங்கினார்கள். அவர்களுக்கு மார்க்கம் கொடுத்த துணிவு இருந்தது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது தானாகச் செத்தது ஆயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதை உண்பது மட்டுமே தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். வீணாகிப் போகும் ஒரு பொருளை உழைப்பால் தூய்மையாக்கிப் பயன்படுத்துவதை மார்க்கம் வரவேற்றது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தந்தை காட்டிய வழி

இப்படி வளர்ந்த தோல் வணிகக் குடும்பங்களில் ஒன்று ஜமால் முஹைதீன் ராவுத்தர் குடும்பம். அவர் வெறும் செல்வராக வாழ்ந்து மறையவில்லை. சென்னை பெரம்பூரில் ஜமாலியா அரபிக் கல்லூரியை நிறுவினார். நூறாண்டு கடந்தும் அந்தப் பகுதிக்கே ஜமாலியா என்ற பெயர் நிலைத்துவிட்டது. தோல் விற்ற பணத்தில் ஆலிம்களை உருவாக்கியவர் அவர். அவருடைய மகன்தான் நாம் பேசும் ஜமால் முஹம்மது சாஹிப்.

மகன் தந்தையின் வணிகத்தையும் அறப்பணியையும் சேர்த்தே பெற்றுக்கொண்டார். வணிகத்தை விரிவாக்கித் தென்னிந்தியத் தோல் வணிகர்களின் முன்னணிக்கு வந்தார். அறப்பணியில் தந்தை நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னே சென்றார். மதரஸாவை ஆதரித்த அதே கை ஆங்கிலக் கல்விக்கும் கொடுத்தது. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் எதிரிகள் என்று இரு தரப்பிலும் பலர் நினைத்த காலம் அது. மதரஸாவில் ஓதிவிட்டுப் பின்னர் கலைப் பட்டமும் பெற்ற நமக்கு அந்தச் சுவர் எவ்வளவு உயரம் என்று தெரியும். அந்தச் சுவரில் கதவு வைக்க முயன்றவர்களில் அவரும் ஒருவர்.

சென்னைச் சொற்பொழிவுகள்

அவருடைய வாழ்வில் உலகம் நினைவில் வைத்திருக்கும் பணி இதுதான். சென்னையில் கல்லூரி மாணவர்களுக்காக ஈஸா (அலை) அவர்களின் வாழ்வைப் பற்றிக் கிறிஸ்தவ அறிஞர்கள் ஆண்டுதோறும் சொற்பொழிவாற்றி வந்தார்கள். ஓர் அமெரிக்கச் செல்வரின் கொடை அதற்கு உதவியது. நமது பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் 1902இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தாருக்கு எழுந்தது. அடுத்தவர் செய்வதைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல், அதைவிடச் சிறப்பாக நாமும் செய்வோம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். செலவை ஏற்க முன்வந்தவர் ஜமால் முஹம்மது.

முதலில் 1925ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் அல்லாமா சையித் சுலைமான் நத்வி வந்து நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். குத்பாத்தே மத்ராஸ் என்று நூலாகி இன்றும் உலகமெங்கும் படிக்கப்படுவது அதுதான். 1927இல் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேய எழுத்தாளர் மர்மடியூக் பிக்தால் வந்து இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றிப் பேசினார். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் தந்து 1930இல் வெளியிட்டவர் அவரே.

1929ஆம் ஆண்டு ஜனவரியில் அல்லாமா இக்பால் லாகூரிலிருந்து சென்னை வந்தார். இஸ்லாமியச் சிந்தனையை இந்தக் காலத்தின் அறிவோடு எப்படி இணைத்துப் புரிந்துகொள்வது என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். சென்னையில் பேசிவிட்டுப் பெங்களூரு, மைசூர், ஹைதராபாத் வழியாகப் பயணம் தொடர்ந்தார். அந்த உரைகள் மற்றவற்றோடு சேர்ந்து 1930இல் நூலாயின. இஸ்லாமியத் தத்துவம் படிக்கும் எவரும் இன்றும் அந்த நூலைக் கடக்காமல் போக முடியாது. கருத்தில் உடன்படுபவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் அந்த உரைகளுக்கு முதல் மேடை அமைந்தது நமது சென்னையில். அதற்கான செலவு ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் விற்ற பணத்திலிருந்து வந்தது.

பெரும் வணிகராக இருந்தும் உடையிலும் பழக்கத்திலும் மிக எளியவராக அவர் இருந்தது இக்பாலை வியக்க வைத்தது என்று சொல்வார்கள்.

அதே 1929இல்தான் நமது சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்வியாக மாற்றத் தெரிந்த தலைமுறை ஒன்று எல்லாச் சமூகங்களிலும் அப்போது இருந்தது என்பதை இது காட்டுகிறது.

லண்டன் வரை

அந்நிய ஆட்சியின் கீழ் இந்திய வணிகர்கள் தங்கள் உரிமைகளுக்காக 1927இல் ஓர் அகில இந்தியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஃபிக்கி என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. 1931இல் அதன் தலைவராக ஜமால் முஹம்மது பொறுப்பேற்றார். அதே ஆண்டு லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேஜை மாநாட்டுக்கு அந்தக் கூட்டமைப்பின் சார்பில் மூன்று பேர் சென்றார்கள். புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ், ஜி.டி. பிர்லா ஆகியோருடன் சென்ற மூன்றாமவர் நமது ஜமால் முஹம்மது. காங்கிரஸின் சார்பில் காந்தியடிகள் கலந்துகொண்ட மாநாடு அது.

அவருடைய சரக்கு எத்தனையோ ஆண்டுகளாகக் கப்பலேறிப் போன அதே நகரத்துக்கு அவரும் போனார். அங்கே சரக்குக்கு விலை பேசாமல் நாட்டின் உரிமையைப் பேசுபவர்களின் வரிசையில் அமர்ந்தார். தோல் விற்பவர் என்பதால் யாரும் அவருக்குக் கீழிடம் தரவில்லை.

விட்டுச் சென்றது

நாடு விடுதலை அடைந்த பின், 1951இல் திருச்சியில் அவர் பெயரால் கல்லூரி எழுந்தது. காஜா மியான் ராவுத்தர் அவர்களின் பெருங்கொடையும் சேர்ந்து அந்தக் கல்லூரி வளர்ந்தது. வாணியம்பாடியில் 1919இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரி, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நவாப் அப்துல் ஹக்கீம் சாஹிப் கட்டிய சித்தீக் சராய், அவர் பெயரால் மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரி என்று இந்த வரிசை நீளும். இவை அனைத்துக்கும் பின்னால் தோல் வணிகம் இருக்கிறது. இந்தத் தொழில் இல்லாமல் தமிழ் முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதவே முடியாது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு குறையும் உண்டு. அந்தத் தலைமுறை லண்டனுக்கு அனுப்பியது பாதி முடித்த தோலைத்தான். அதைச் சாயமேற்றி, மெருகேற்றி, கோட்டாகவும் கையுறையாகவும் காலணியாகவும் ஆக்கிப் பெரும் லாபம் பார்த்தவர்கள் அங்கிருந்தவர்கள். 1948இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1973இல் பாதி முடித்த தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. அதன் பிறகே முழுமையான பொருளை இங்கேயே செய்யும் வழக்கம் வேகம் பிடித்தது. நமது ஆட்டுத் தோலும் ரோம ஆடு என்னும் செம்மறியின் தோலும் மென்மைக்கும் உறுதிக்கும் பெயர் பெற்றவை. ஒரு கோட்டுக்கு ஏழெட்டுத் தோல்கள் தேவைப்படலாம். நிறமும் தடிமனும் ஒத்த தோல்களைப் பொறுக்கி, முள் கீறிய தழும்பை விலக்கி, விளிம்பைச் சீவித் தைப்பதில்தான் கைவினைஞரின் திறமை இருக்கிறது. கம்பளி ரோமம் உள்பக்கம் இருக்கும்படி தைக்கும் குளிர்நாட்டுக் கோட்டுக்கு மட்டும் அடர்ந்த கம்பளி உள்ள செம்மறியின் தோல் வேண்டும். நமது வெப்பநிலத்து ஆடு அதற்கு ஆகாது. இதையெல்லாம் அந்தப் பையன் விளக்கியபோதுதான் நாமும் தெரிந்துகொண்டோம்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்னது

ஜமால் முஹம்மது சாஹிபின் வாழ்வைக் கேட்டபின்னும் அந்தத் தாயின் முகத்தில் தயக்கம் மீதமிருந்தது. அவர் பெரிய வியாபாரி ஹஜ்ரத், என் மகன் உட்கார்ந்து தைக்கப் போகிறானே என்றார்.

அப்போது அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை நினைவூட்டினோம். நபி (ஸல்) அவர்களின் மனைவி, உயர்குடிப் பெண்மணி. அவர்கள் தம் கையால் தோலைப் பதனிட்டார்கள், தைத்தார்கள், கிடைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். மனைவியரில் கை நீளமானவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். மற்ற அன்னையர் கைகளை அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20இல் ஸைனப் (ரலி) முதலில் மறைந்தபோதுதான் நீளம் என்பது ஈகையின் நீளம் என்று விளங்கியது. முஃமின்களின் தாயார் செய்த தொழிலை நமது பிள்ளை செய்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

கூடவே பையனுக்கும் இரண்டு செய்திகள் சொன்னோம். டேனரிக் கழிவால் பாலாற்றங்கரை ஊர்களின் நீரும் நிலமும் பட்ட பாட்டை மறக்காதே, சுத்திகரிக்காத இடத்துத் தோலை வாங்காதே. அடுத்தவர் கிணற்றைக் கெடுத்து வரும் லாபத்தில் பரக்கத் இருக்காது. இரண்டாவது, பச்சைத் தோல் பதனிட்டால்தான் தூய்மையாகும், அதில் வரும் பணம் ஸகாத்தாலும் ஸதகாவாலும்தான் தூய்மையாகும். ஜமால் முஹம்மது சாஹிபின் பெயர் இன்றும் வாழ்வது அவர் சம்பாதித்ததால் அல்ல, கொடுத்ததால்.

தாய் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைப் பார்த்து, தொழுகையை விட்டுவிடாதே என்று மட்டும் சொன்னார். அதுவே சம்மதம் என்று நாம் புரிந்துகொண்டோம்.

இந்த ஆண்டு குர்பானித் தோல்களைப் புதைக்கும் முன் நமது ஜமாஅத்தார்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும். உரிக்கும்போது வெட்டுப்படாமல் உரிக்கச் சொல்வதும், சில மணி நேரத்துக்குள் உப்பிடுவதும், பல ஊர் மதரஸாக்கள் சேர்ந்து ஒன்றாக விற்பதும் நம்மால் முடிந்த காரியங்களே. அந்தத் தோலை அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுப்பதற்கும், விற்ற பணத்தை நாமே வைத்துக்கொள்வதற்கும் மார்க்கத்தில் அனுமதி இல்லை. அது ஏழைகளின் உரிமை. அந்த உரிமையை மண்ணில் போட்டு மூடுவது எப்படிச் சரியாகும்?

அல்லாஹ் மர்ஹூம் ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்கள் விட்டுச் சென்ற கல்விப் பணிகளை நிலையான தர்மமாக ஏற்றுக்கொள்வானாக. உழைத்துப் பொருளீட்டி அதை அறிவுக்கும் ஏழைகளுக்கும் வழங்கும் பிள்ளைகளை நமது ஒவ்வொரு வீட்டிலும் உருவாக்குவானாக. ஆமீன்.