அசோகனும் கிரேக்கச் சாசனமும்

கிரேக்க ஞானி எப்பிக்கூரஸ், அதென்ஸ் நகரத்துத் தோட்டமொன்றில் நண்பர் சூழ வாழ்ந்து, அப்பமும் நீருமே நிறைவு தரப் போதுமெனப் போதித்து, கி. மு. 270 அளவில் மறைந்தார். அவர் கொள்கையை ஒயினாந்தா நகரத்துத் தியோகெனிஸ் மண்டபச் சுவரிற் பொறித்தது கி. பி. 2ஆம் நூற்றாண்டிலாகும். அதற்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பரதகண்டத்துப் பேரரசன் ஒருவன் தன்னடக்கத்தைக் கிரேக்க மொழியிற் கல்லில் எழுதுவித்தான். அவனே அசோகன்.

சந்திரகுப்தனின் பேரனும் பிந்துசாரனின் மைந்தனுமாகிய அசோகன் கி. மு. 268 அளவில் முடிசூடினான். எட்டாண்டுகளின் பின் கலிங்கத்தை வென்றான். மாண்டவர் ஓரிலட்சம் பேர். மண்ணிலிருந்து பெயர்த்துச் செல்லப்பட்டவர் ஒன்றரை இலட்சம் பேர் என அவனே கணக்குரைக்கின்றான். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் உறவினரைக் கப்பலேற்றி அனுப்பிய மலைநாட்டார்க்கு இவ்வெண்ணைக் கடந்து வாசித்தல் எளிதன்று.

அசோகன் வருந்தினான்; புத்தர் அறத்தைத் தழுவினான். அவ்வருத்தத்தை மலைதோறும் பொறித்தான். ஆயினும் கலிங்கத்துத் தௌலிப் பாறையில் அதனைப் பொறிக்கவில்லை. நாட்டைத் திருப்பியளித்ததாகவும் சாசனம் எதுவுங் கூறவில்லை. இதனை மறைத்து அவனைப் புகழ நாம் விரும்பவில்லை.

கந்தகார்ப் பகுதியில் அலெக்சாந்தர் காலந்தொட்டுக் கிரேக்கர் குடியிருந்தனர். அங்கே 1958இல் கிரேக்கமும் அரமேயமும் கொண்ட பாறைச் சாசனமொன்று வெளிப்பட்டது. அரசன் உயிர்க்கொலை தவிர்த்தான், அவன் வேடரும் வலைஞரும் தொழில் விட்டனர், அடக்கமற்றோர் இயன்றவரை அடங்கினர், பெற்றோரையும் மூத்தோரையும் பணிந்தனர் என்பது அதன் சாரம். தன்னடக்கம் என்பது கிரேக்க ஞானியர் நெடுங்காலம் ஆராய்ந்த பொருள். அவர்தம் சொல்லாலேயே அதனைச் சொல்வித்தான். 1963இற் கிடைத்த மற்றொரு கிரேக்கக் கல்லிலே கலிங்க வருத்தமும் உளது. கலிங்கத்தார் வாசிக்கக் கிடையாததைக் கந்தகார்க் கிரேக்கர் வாசித்தனர்!

கல்லில் அவன் பெயர் பியதசி. அது கிரேக்கத்திற் பியோதஸ்ஸஸ் ஆயிற்று. பியதசி அசோகனே என 1837இல் தீபவம்சங்கொண்டு தெளிவித்தவர், இலங்கையிற் பணிபுரிந்த ஜோர்ஜ் டேர்னர்.

மலைநாட்டில் எளிய வாழ்வு என்னும் உபதேசத்தை நாம் ஐயத்துடனேயே கேட்பதுண்டு. ஒற்றைக் காம்பராவிற் குடும்பமெல்லாம் உறங்கியெழுந்து, விடியுமுன் ரொட்டி தட்டி, கொழுந்துமலைக்கு ஏறுபவர்க்கு எளிமையைப் போதித்தல் பரிகாசமாகும். எப்பிக்கூரஸ் தாமே அப்பமுண்டு போதித்தார். அசோகனோ தன் மடைப்பள்ளிக் கணக்கையே ஊரறியக் கல்லில் ஏற்றினான். முன்னர் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டனவாம்; பின்னர் இரு மயிலும் ஒரு மானுமே, மானும் எந்நாளுமன்று; இனி அவையுங் கொல்லப்படா. பல நூறாயிரம் என்பது மிகையாகலாம்; இரு மயில் என்பதில் மிகையேது? இன்னும் விட்டொழியாத குறையையும் எழுதிவைத்த அரசர் வேறெவரையும் நாமறியோம்.

கி. மு. 232 அளவில் அவன் மறைந்தான். இறுதிக்காலத்தில் அமைச்சர் அவன் கொடையைத் தடுத்தனர் என்றும், கையில் எஞ்சிய அரை நெல்லிக்கனியையும் சங்கத்தார்க்கு அனுப்பினான் என்றும் பௌத்த நூலாகிய அசோகாவதானம் கதை கூறும். துறவியர் அதனை அரைத்துக் குழம்பிற் கலந்து, எல்லோரும் பகிர்ந்துண்டனராம்.