நாகத்தைத் தடவிய அம்மையார்

1883-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த கிரேஸ் வைலி அம்மையார், முதலில் பாம்பென்றாலே பயந்தவர். பிறகு மினியாபொலிஸ் நூலக அருங்காட்சியகத்தில் கிலுகிலுப்பை விரியனைக் கூண்டில் வைத்தே குட்டி போட வைத்தார்.

சீறும் புதுப் பாம்பைத் துணி சுற்றிய கோலால் தடவுவார். கொத்திக் கொத்திச் சலித்து அது அடங்கும். அப்புறம்தான் வெறும் கை. கொடிய பாம்புகளும் சாதுவாயின.

சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு மிருகக்காட்சி சாலையில் பாம்புகள் கூண்டை விட்டு வெளியேறியதால் 1935-ல் வேலை போயிற்று. கலிபோர்னியாவில் சொந்தமாகப் பாம்புகளை வளர்த்தார்.

பாம்பு மாற நாளாகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆயினும் 1948 ஜூலை 20 அன்று, படம் பிடிக்க வந்தவருக்காக, புதிதாக வந்திருந்த இந்திய நல்லபாம்பை வெளியே எடுத்தார். விரலில் கடித்துவிட்டது. மருத்துவமனையில் இருந்ததோ அமெரிக்கப் பாம்புகளுக்கான மருந்து. இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் பிரிந்தது.