பனியில் விண்துகள் தேடியவர்

அடால்ஃப் எரிக் நோர்டென்ஷெல்டு 1832-ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் பிறந்தார். ருஷ்ய ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகித் தாயகம் துறந்த அவர், சுவீடனில் கனிமவியல் அறிஞராக உயர்ந்தார். 1870-இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பில், சிறு குழிகளின் அடியில் நுண்ணிய தூளைக் கண்டார். அதில் விண்ணிலிருந்து விழுந்த துகளும் உண்டு என்று கருதிச் சேகரித்தார். 1878–79-இல் வேகா கப்பலில் ஆசியாவின் வடகடல் வழியைக் கடந்து புகழ்பெற்றார். 1901-இல் மறைந்தார்.

அத்தூளில் பெரும்பகுதி காற்று சுமந்து வந்த மண்ணே என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் 1980-களில் அறிஞர்கள் கிரீன்லாந்துத் தூளைச் சலித்தபோது, உண்மையான விண்துகள்கள் கிடைத்தன. அண்டார்டிகப் பனியில் கிடைத்த துகள்களிலோ கரிமப் பொருள்களும் இருந்தன. ஆதியில் உயிர் தோன்ற இவை உதவியிருக்கலாம் என்பர்.

தோழியரே, தூசிதானே என்று அவர் கடந்து போகவில்லை. நாமும் சிறியவற்றைக் கூர்ந்து நோக்கப் பழகுவோமாக!