ஜெனரல் பூத் நடத்திய தீப்பெட்டி ஆலை



இரட்சணிய சேனையை ஸ்தாபித்த வில்லியம் பூத்தைப்பற்றி நம்ம கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். தெருப்பிரசங்கம், டிரம் முழக்கம், மனந்திரும்பின குடிகாரர்கள், இதெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் அவர் ஒரு தீப்பெட்டி ஆலை நடத்தினார் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய ஜீவியத்தில் என்னை ரொம்பத் தொட்டது அதுதான்.

1829-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தார். தகப்பனார் தொழிலில் நொடித்துப்போனதால் 13 வயதிலேயே பையனை அடகுக்கடையில் வேலைக்கு விட்டார்கள். அடகுக்கடைக்கு யார் வருவாங்க, எப்போ வருவாங்க என்று நமக்குத் தெரியாதா? தரித்திரத்தின் முகத்தை அவர் அங்கேயே பார்த்துவிட்டார். 1855-ல் காத்தரீன் அம்மையாரை விவாகம் செய்தார். 1865-ல் கிழக்கு லண்டனில் ஒரு கூடாரத்தில் ஊழியத்தை ஆரம்பித்தார். 1878-ல் அதற்கு இரட்சணிய சேனை என்று பெயர் வந்தது.

அந்தக் கிழக்கு லண்டனில், பவ் என்ற இடத்தில்தான் பிரையன்ட் அண்ட் மே கம்பெனியின் பெரிய தீப்பெட்டி ஆலை இருந்தது. ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் கோடையில் காலை 6.30 முதல் மாலை 6 மணி வரை நின்றுகொண்டே வேலை செய்தார்கள். 16 வயதுப் பிள்ளைக்கு வாரம் 4 ஷில்லிங். அதாவது 48 பென்ஸ். அதில் பாதி அறை வாடகைக்கே போய்விடும். கால் அழுக்காயிருந்தால் அதற்கு 3 பென்ஸ் அபராதம்!

கூலியைவிடக் கொடுமை அந்த மருந்து. தீக்குச்சி முனையில் வெள்ளை பாஸ்பரஸ் வைப்பார்கள். விலை குறைவு, எங்கே உரசினாலும் பற்றும். அதன் புகை பல் வழியாய் உள்ளே இறங்கி, தாடை எலும்பையே அழுகப்பண்ணும். முதலில் பல்வலி, பிறகு வீக்கம், பிறகு சீழ். பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். தாடையை அறுத்து எடுத்தும் பிழைக்காதவர்கள் உண்டு. மருந்து பட்ட கையோடே அங்கேயே ரொட்டியைத் தின்றார்கள், பாவம்.

1888-ல் இதை வெளியே கொண்டுவந்து எழுதியவர் அன்னி பெசன்ட். ஆம், பின்னாளில் நம்ம சென்னை அடையாற்றில் வாழ்ந்த அதே அம்மாதான். அப்போது அவர் கடவுளே இல்லை என்று பேசிவந்தவர். அந்த ஜூலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அபராதம் நின்றது, சாப்பிடத் தனி இடம் கிடைத்தது. ஆனால் வெள்ளை பாஸ்பரஸ் போகவில்லை. தேவபிள்ளைகள் முதலில் செய்திருக்க வேண்டியதை ஒரு அவிசுவாசி செய்தார் என்பது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

1890 அக்டோபரில் காத்தரீன் அம்மையார் புற்றுநோயால் தேவனிடத்தில் சேர்ந்தார். அதே மாதம் பூத்தின் புத்தகம் வெளிவந்தது. லண்டன் தெருவில் வண்டிக்குதிரை விழுந்தால் தூக்கிவிடுகிறார்கள், அதற்குத் தீனியும் இருப்பிடமும் வேலையும் உண்டு, மனுஷனுக்கு அந்த அளவாவது வேண்டாமா என்பதுதான் அதிலே அவர் கேட்ட கேள்வி. பிரசங்கி பிரசங்கத்தோடு நிற்க வேண்டியதுதானே என்று சிலர் சொன்னார்கள். இன்றைக்கும் நம்ம நடுவிலே அப்படிச் சொல்லுகிறவர்கள் உண்டு. பசித்தவனிடம் வெறுங்கையாய்ப் போய்ப் பிரசங்கித்தால் காதில் ஏறாது என்று அடகுக்கடைப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

1891-ல் அதே பவ் பகுதியில் சேனையின் ஆலை திறந்தது. வெள்ளை பாஸ்பரஸ் கிடையாது, ஆபத்தில்லாத சிவப்பு பாஸ்பரஸ் மட்டும். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டிக்கு மற்ற இடங்களில் இரண்டு பென்ஸுக்குச் சற்று அதிகம். இங்கே 4 பென்ஸ். பெட்டியின் மேல் இருளடைந்த இங்கிலாந்தில் வெளிச்சங்கள் என்று பெயர். பார்லிமெண்ட் உறுப்பினர்களையும் பத்திரிகைக்காரரையும் கூப்பிட்டு ஆலையைக் காட்டுவார்கள். கையோடு, தாடை அழுகிக் கிடந்தவர்களின் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

வியாபாரமாய்ப் பார்த்தால் அந்த ஆலை ஜெயிக்கவில்லை. சிவப்பு பாஸ்பரஸ் பெட்டிக்கு விலை அதிகம். ஆமென் சொன்ன ஜனங்களும் கடையில் மலிவான பெட்டியைத்தான் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பத்து வருஷம் நடந்து, 1901-ல் ஆலை பிரையன்ட் அண்ட் மே கைக்கே போனது. ஆனால் இதையும் கேளுங்க. 1898-ல் அந்தக் கம்பெனி தாடைநோயாளிகளை மறைத்ததற்காக நீதிமன்றத்தில் அபராதம் கட்டியது. 1901-ல் வெள்ளை பாஸ்பரஸை விட்டுவிட்டதாக அறிவித்தது. 1908-ல் தீப்பெட்டித் தொழிலில் அதைத் தடைசெய்யும் சட்டமே வந்தது.

அப்போது பூத்துக்கு வயது 79. கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 1912-ல் முழுவதும் இழந்தார். அந்த வருஷம் ஆகஸ்ட் 20-ல் மகிமைக்குள் பிரவேசித்தார். லண்டனில் ஆப்னி பார்க் கல்லறைத்தோட்டத்தில் காத்தரீன் அம்மையாருக்குப் பக்கத்திலேயே அடக்கம் பண்ணினார்கள்.