ஹன்னா ஆரண்ட் அம்மையார்

ஜெர்மனியில் ஹானோவர் நகரை அடுத்த லிண்டன் என்னும் ஊரில், யூதக் குடும்பமொன்றில், 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் ஹன்னா ஆரண்ட் பிறந்தார். ஏழாம் வயதில் தந்தையை இழந்த அவரை அன்னையாரே வளர்த்தார். பள்ளியில் ஆசிரியர் எவரேனும் யூதரை இழித்துரைப்பின், உடனே எழுந்து வீட்டிற்கு வந்துவிட வேண்டும் என்பது அன்னையார் இட்ட கட்டளை. பள்ளிக்கு முறையீடு எழுதுவது தாயின் பொறுப்பு. உடன்பயிலும் சிறுவர் இழித்துரைப்பினோ, விடையிறுப்பது மகளின் பொறுப்பு. வீட்டில் வந்து அழுதல் கூடாது.

வளர்ந்தபின் மெய்யியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். ஹிட்லர் ஆட்சி தொடங்கிய 1933ஆம் ஆண்டில், யூதரைப் பழித்து வெளிவந்த எழுத்துகளைப் பெர்லின் நூலகத்தில் திரட்டியமைக்காகச் சிறைப்பட்டார். எட்டு நாளில் விடுதலை பெற்றதும் தாயுடன் காடு கடந்து நாட்டெல்லையை அடைந்தார். அங்கே ஒரு வீடு. அதன் முன்வாயில் ஜெர்மனியில், பின்வாயில் செக்கோஸ்லோவாக்கியாவில். இருவரும் அவ்வீட்டில் உணவருந்தி, இருளில் பின்வாயில் வழியே வெளியேறினர். அன்றுமுதல் 1951இல் அமெரிக்கக் குடியுரிமை பெறும்வரை, தமதென்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு நாடு இல்லை.

1940இல் பிரெஞ்சு அரசு அவரைக் கூர்ஸ் என்னும் முகாமில் அடைத்தது. அந்நாடு போரில் வீழ்ந்த குழப்பத்தில் அம்மையாரும் வேறு சில பெண்டிரும் வெளியேறினர். தங்கிவிட்டோருள் பலர் பின்னர்க் கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டனர்.

1941இல் நியூயார்க்கு சேர்ந்த அம்மையார், தாம் பட்ட துன்பத்தை உரைப்பதோடு அமையவில்லை. இவ்வாட்சியின் இயல்பு யாது என்று ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சி 1951இல் பெருநூலாய் வெளிவந்தது. கொடுங்கோலன் பகைவரை ஒடுக்குவான். அவர்கள் அடங்கியபின் வாளை உறையிலிடுவான். குடிகள் வாய்திறவாதிருத்தலே அவனுக்குப் போதும். ஹிட்லரின் ஜெர்மனியிலும் ஸ்டாலினின் சோவியத்து நாட்டிலும் நிகழ்ந்தது அதுவன்று. எதிர்ப்போர் ஒழிந்தபின்னரே அங்கு அச்சம் பெருகிற்று. யாதொன்றும் செய்யாதவனும், இன்ன இனத்தில் அல்லது இன்ன வகுப்பில் பிறந்தமையாலேயே குற்றவாளியானான். வரலாறு முழுவதற்கும் ஒரே விளக்கம் உண்டென்று அரசு சாதித்தது. அதற்கு மாறான மெய்ம்மை மறைக்கப்பட்டது. அண்டை வீட்டானையும் நம்ப இயலாத தனிமையே இவ்வாட்சி வேரூன்றும் நிலம் என்று அம்மையார் கண்டார். முற்றாதிக்கம் என்பது இதுவே. இத்தாலியின் முசோலினி அப்பெயரைப் பெருமையுடன் சூட்டிக்கொண்டபோதிலும், அது வெறும் ஒருகட்சிச் சர்வாதிகாரமே என்று அவர் வேறுபடுத்தினார். மாணவர் இப்பகுதியை இருமுறை படித்தல் நன்று. ஜெர்மனியையும் சோவியத்து நாட்டையும் ஒருங்கு வைத்தல் பொருந்தாது என்று மறுத்த அறிஞரும் உளர்.

1961இல், யூதரைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பும் பணியை நடத்திய ஐக்மன் என்பவனுடைய வழக்கைக் காண எருசலேம் சென்றார். கூண்டில் அவர் கண்டது அரக்கனை அன்று. தன் செயலை எண்ணிப் பாராத ஓர் அலுவலனை. அவனை அவர் சரியாக மதிப்பிடவில்லை என்பது பின்வந்த ஆய்வாளர் பலர் கருத்து. அந்நூலில் யூதத் தலைவர் சிலரையும் குறைகூறியமையால் நெடுநாளைய நண்பர் பலர் பிரிந்தனர். தம் கருத்தை அவர் மாற்றவில்லை.

1975ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் மாலை, தம் இல்லத்தில் விருந்தினரோடு உரையாடிக் கொண்டிருக்கையில் மாரடைப்பால் உயிர் நீத்தார். மனத்தின் வாழ்வைப் பற்றிய நூலின் மூன்றாம் பகுதி அப்போது எஞ்சியிருந்தது. தட்டச்சுப் பொறியில் கிடந்த தாளில் அப்பகுதியின் தலைப்பும் இரண்டு மேற்கோள்களும் மட்டுமே இருந்தன.