ஏற்காடு அடிவாரத்து முதலாளி

சேலத்துல இருந்து ஏற்காடு, மஞ்சக்குட்டைன்னு மேலே போறவங்க எல்லாரும் ஏற்காடு ரோட்டுல அந்த வளைவைப் பார்த்திருப்பீங்க. மாடர்ன் தியேட்டர்ஸ். பாதிப் பேர் செல்ஃபியும் எடுத்திருப்பீங்க. ஸ்டுடியோ போயிடுச்சு, வளைவு மட்டும் நிக்குது. அதைக் கட்டியவர் டி. ஆர். சுந்தரம். கல்சுரல்ஸ் வீடியோவை கன்வர்ட் பண்ணிட்டு, பாட்டு ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம் ஓடுறதைப் பார்த்துத் தலையைப் பிச்சுக்கிட்டவங்க அவரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்.

1907-ல் திருச்செங்கோட்டில் ஒரு ஜவுளிக் குடும்பத்துல பிறந்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படிச்சார். ஆமா, நம்மள மாதிரி இன்ஜினியரிங் ஆள்தான். அங்கேயே கிளாடிஸ்ங்கிற ஆங்கிலப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டுத் திரும்பினார். ஊருக்கு வந்ததும் மில் வைப்பார்னு பார்த்தா, சினிமாவுக்குள்ள போயிட்டார்.

அப்போ தமிழ்ப் படம் எடுக்கணும்னா பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏறணும். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸே பம்பாயில் எடுத்ததுதான். சுந்தரம் 1930-களின் நடுவில் சேலத்துலயே ஸ்டுடியோவை ஆரம்பிச்சார். செட், ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. முதல் படம் சதி அகல்யா, 1937. அடுத்த வருஷமே மலையாளத்தின் முதல் பேசும்படம் பாலன்.

ஒரே காம்பவுண்டு ஏன் முக்கியம்னா, அன்னைக்கு படம் ஒரு ஃபிலிம்ல, சத்தம் வேற ஒரு ஃபிலிம்ல. கிளாப் அடிக்கிறது ஸ்டைலுக்கு இல்லை. கட்டை மூடுற ஃபிரேமையும் 'டக்' சத்தத்தையும் ஒண்ணா வச்சு எடிட்டர் கோர்ப்பார். ரெண்டு மோட்டாரும் ஒரே வேகத்துல ஓடலைன்னா, தொடக்கத்துல சரியா இருக்கிற வசனம் போகப் போக நழுவும். இன்னொரு சிக்கலும் உண்டு. புரொஜக்டர்ல சத்தம் படிக்கிற இடம், படம் விழுற இடத்துல இருந்து தள்ளி இருக்கு. அதனால பிரிண்ட்டுல சத்தத்தை 20 ஃபிரேம் முன்கூட்டியே போடுவாங்க. நொடிக்கு 24 ஃபிரேம்னா, முக்கால் நொடிக்கும் மேல.

நம்ம லேப்டாப்புலயும் இதே ரெண்டு வியாதிதான். முதல்ல இருந்து கடைசி வரை ஒரே அளவு விலகலா? ஆடியோவை நகர்த்தினா போதும். நேரம் ஆக ஆக விலகல் கூடுதா? வேகம் தப்பு, நகர்த்திப் பிரயோஜனம் இல்லை. 30-ஐயும் 29.97-ஐயும் குழப்பினா ஒரு மணி நேரத்துல 3.6 நொடி போயிடும். போன்ல எடுத்த வீடியோன்னா ஃபிரேம் ரேட்டே ஏறி இறங்கும். ஹேண்ட்பிரேக்கில் முதல்ல கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டுக்கு மாத்திட்டு அப்புறம் எடிட்டிங்ல போடுங்க.

சுந்தரத்தை ஸ்டுடியோவில் எல்லாரும் முதலாளின்னுதான் சொல்வாங்க. நேரம் தவறினா பிடிக்காது. மில் மாதிரியே ஸ்டுடியோவை நடத்தினார். கலையை இப்படி நடத்தலாமான்னு கேட்கலாம். ஆனா கணக்கைப் பாருங்க: 1940-ல் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் வச்சு உத்தம புத்திரன். 1950-ல் கருணாநிதி எழுதிய மந்திரி குமாரி. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் பாதியில் ஊர் திரும்பியதும், மீதியை முதலாளியே இயக்கினார். 1956-ல் எம்.ஜி.ஆர். நடிச்ச அலிபாபாவும் 40 திருடர்களும், கேவாகலரில். 1961-ல் மலையாளத்தின் முதல் கலர் படம் கண்டம் பெச்ச கோட்டு. தெலுங்கு, கன்னடம், இந்தி, ஏன், ஆங்கிலப் படம்கூட அந்த காம்பவுண்டில் இருந்து வந்திருக்கு.

1963-ல் 56 வயசுல இறந்துட்டார். அதுக்கப்புறம் ஸ்டுடியோ கொஞ்ச காலம் ஓடி நின்னுபோச்சு.

பாலன் படத்துக்கு இன்னைக்கு பிரிண்ட்டே இல்லை. மத்த படங்கள்ல தப்பிச்சதை நாம பார்க்கிறது பெரும்பாலும் டிவிக்காக வீடியோவாக்கின காப்பி. நம்ம டிவி நொடிக்கு 25 ஃபிரேம், ஃபிலிம் 24. அப்படியே ஓட்டினா படம் 4 சதவீதம் வேகமாகும், குரலும் கொஞ்சம் கீச்சுன்னு ஏறும். அந்தப் படத்துல இசைத்தட்டுல இருந்து எடுத்த நல்ல ஆடியோவை ஒட்டினா, 3 நிமிஷப் பாட்டு முடியும்போது 7 நொடி தள்ளி நிக்கும். பழைய சேலம் படம் ஏதாவது கையில் கிடைச்சா, முதல்ல வீடியோவை 24-க்கு இறக்குங்க, அதோட ஆடியோவையும் அதே அளவு மெதுவாக்குங்க. அதுக்கப்புறம்தான் கிளாப் கட்டையைத் தேடணும்.